காலி இருக்கை கடந்த தூரம்

பயிற்சி விமானத்தில் முதன்முறை தனியாகக் கிளம்பும் மாணவர்களில் பலர் இறங்கி வந்ததும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: விமானம் வழக்கத்தைவிட விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது. பதற்றத்தில் தோன்றிய பிரமை இல்லை அது. பறக்கும் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக ஓடிய செஸ்னா 152 விமானம் ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 757 கிலோ எடையோடு எழும்பலாம். பக்கத்து இருக்கையிலிருந்து 75 கிலோ ஆசிரியர் ஒருவர் இறங்கிக்கொண்டால், பத்தில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது. என்ஜினும் இறக்கையும் அப்படியே இருக்க, சுமை மட்டும் குறைகிறது.

விமானிகள் 'முதல் சோலோ' என்று சொல்லும் இந்த நிகழ்ச்சி பத்து நிமிடம்கூட நீடிப்பதில்லை. ஓடுதளத்திலிருந்து எழும்பி, நான்கு திருப்பம் திரும்பி, அதே ஓடுதளத்தில் இறங்க வேண்டும். 'சர்க்யூட்' எனப்படும் இந்தச் சுற்றை ஆசிரியரோடு பலமுறை அடித்தவர்தான் மாணவர். ஒருநாள் காலை, காற்று அடங்கியிருக்கும் நேரத்தில், இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் ஆசிரியர் விமானத்தை ஓரங்கட்டச் சொல்வார். கதவைத் திறந்து இறங்குவார். தன் இருக்கையின் பெல்ட் எந்தக் கருவியிலும் சிக்காதபடி அதை இறுக்கிக் கட்டுவார். பிறகு தரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றி வந்து இறங்கிய மாணவர் தலையில் நண்பர்கள் வாளித் தண்ணீரைக் கவிழ்க்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

தனியாகப் பறப்பது பழைய சங்கதி. கூட உட்கார்ந்து கற்றுக்கொடுத்த ஒருவர், நேரம் பார்த்து இறங்கிக்கொள்வதுதான் புதிது. மனிதர்கள் பறக்கத் தொடங்கி நூறு வருடங்களுக்கும் மேலாக அப்படியொரு வழக்கம் உருவாகவில்லை. அது பாரிஸ் தோட்டம் ஒன்றிலிருந்து கிளம்பிய பலூனில் தற்செயலாகத் தலைகாட்டி, வியாபார ஒப்பந்தம் ஒன்றில் வடிவம் பெற்று, இங்கிலாந்தின் துறைமுக ஊரொன்றில் ஒழுங்குபட்டு, மீனம்பாக்கம் வழியாக நம் ராமநாதபுரம் கரைக்கு வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது.

1783 டிசம்பர் 1. பாரிஸின் டுயிலெரி தோட்டத்திலிருந்து ஹைட்ரஜன் அடைத்த பலூன் ஒன்று கிளம்பியது. கூடையில் இரண்டு பேர். ஒருவர் இயற்பியலாளர் ஜாக் சார்லஸ். பதினோராம் வகுப்பு வேதியியலில் நாம் படிக்கும் சார்லஸ் விதிக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் பலூனைச் செய்து கொடுத்த ராபர்ட் சகோதரர்களில் ஒருவர். இரண்டு மணி நேரம் மிதந்து, சூரியன் மறையும் நேரத்தில் ஒரு வயல்வெளியில் இறங்கினார்கள். ராபர்ட் கூடையைவிட்டு வெளியே வந்தார். சார்லஸுக்கு இன்னொரு முறை மேலே போகும் ஆசை. ராபர்ட்டின் எடைக்கு ஈடாகப் பாரம் எதையும் ஏற்றாமலேயே கிளம்பிவிட்டார். பலூன் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் போய்விட்டது. கீழே மறைந்துபோன சூரியன் மேலே மறுபடி தெரிந்தது. ஒரே நாளில் இரண்டாவது முறை அஸ்தமனம் பார்த்தார். காதில் தாங்க முடியாத வலி. வால்வைத் திறந்து வாயுவை வெளியேற்றி இறங்கியவர், அதன்பின் வாழ்நாளில் பறக்கவேயில்லை.

கூட வந்தவர் இறங்கியதால் லேசாகி மேலே பாய்ந்த முதல் பயணம் அதுதான். இன்றைய மாணவர் ஓடுதளத்தில் உணர்வதை சார்லஸ் 240 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்துவிட்டார். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் உணர்ந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பலூன் ஐரோப்பாவில் திருவிழா வேடிக்கையானது. வேடிக்கைக்காரர்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தார்கள். 1889இல் கல்கத்தாவில் காட்சி நடத்திய ஆங்கிலேயர் பெர்சிவல் ஸ்பென்சரிடம் ராம்சந்திர சட்டர்ஜி என்ற சர்க்கஸ் கலைஞர் தொழில் கற்றுக்கொண்டார். முதலில் ஸ்பென்சரோடு சேர்ந்து ஏறினார். பிறகு, அதே ஆண்டில், தனியாக. ஆசிரியரோடு ஒருமுறை, ஆசிரியர் இல்லாமல் அடுத்தமுறை என்ற வரிசை இந்தியாவில் விமானத்துக்கு முன்பே பலூனில் வந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய வியப்பு. சட்டர்ஜியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

பலூனிலிருந்து இறக்கைக்கு வந்தபோது கதை பின்னோக்கிப் போனது. பெர்லினில் நீராவிக் கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்த ஓட்டோ லிலியென்தால், 1891 முதல் குன்றுகளின் மேலிருந்து கிளைடரில் சறுக்கிப் பறந்தார். அவருடைய கிளைடரில் இருக்கையே கிடையாது. கைகளை ஊன்றித் தொங்க வேண்டும், உடம்பை அசைத்துத் திருப்ப வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஒவ்வொருவரும் முதல்நாளே தனியாகத்தான் குதிக்க வேண்டும். லிலியென்தால் அந்தக் கிளைடரைப் பல பிரதிகள் செய்து விலைக்கும் விற்றார். ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி ஒன்று வாங்கினார். அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் ஒன்று வாங்கினார். 1896 ஆகஸ்டில் காற்றின் ஒரு வீச்சில் கிளைடர் தலைகுப்புற விழுந்து லிலியென்தால் இறந்தார். சுமார் இரண்டாயிரம் முறை பறந்தவர் அவர். மொத்தமாகக் காற்றில் இருந்த நேரம் சில மணிகள்தான். தனியாகவே கற்றுக்கொள்வதன் விலை அது.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் பறந்த 12 விநாடியும் ஒற்றை ஆள் பயணமே. ஐந்து வருடம் கழித்து, இயந்திரத்தை விற்கும் கட்டாயம் வந்தபோதுதான் இரண்டாவது இருக்கைக்கு வேலை வந்தது. பிரான்சில் அவர்களுடைய விமானத்துக்கு உரிமை வாங்கிய வியாபாரக் குழு, மூன்று பேருக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. வாங்கினவனுக்கு ஓட்டத் தெரியாவிட்டால் சரக்கு எதற்கு? நியாயமான நிபந்தனை. 1909 தொடக்கத்தில், தென்மேற்கு பிரான்சின் போ நகரில், வில்பர் ரைட் பக்கத்தில் மாணவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். லம்பேர் என்ற பிரபு, டிஸாந்தியே என்ற இளைஞர், ஒரு ராணுவ கேப்டன் என மூன்று மாணவர்கள். விமான ஆசிரியர் என்ற தொழில் ஒரு விற்பனை ஒப்பந்தத்தின் ஷரத்திலிருந்து பிறந்தது.

அந்த விமானத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இறக்கையை முறுக்கும் நெம்புகோல் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒன்றுதான். இடதுபக்கம் உட்கார்ந்து கற்றவருக்கு அது வலக்கையில் பழகும். வலதுபக்கம் உட்கார்ந்தவருக்கு இடக்கையில். கற்ற இருக்கையை மாற்றினால் ஓட்டுவது பெரும்பாடு. அதனால் ரைட் விமானிகளில் இடக்கை ஜாதி, வலக்கை ஜாதி என்று இரண்டு வகை உருவாகிவிட்டது. ஆசிரியர் எந்தப் பக்கம் காலி செய்தார் என்பது மாணவரின் ஆயுள் முழுக்க அவர் கையில் தங்கியிருந்தது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த இரட்டை இருக்கை பிடிக்கவில்லை. விமானம் கட்டிய வாசான் சகோதரர்களிடம் கற்றுக்கொண்ட நடிகை ரேமோந்த் த லாரோஷ், 1909 அக்டோபரில் ஒற்றை இருக்கை விமானத்தில் ஏறினார். தரையில் மட்டும் ஓட்டிப்பழகு என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒருதடவை ஓட்டிப்பார்த்துவிட்டு, மறுதடவை எழும்பிவிட்டார். அடுத்த மார்ச் மாதம் உலகில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் புகழ்பெற்ற ப்ளெரியோவின் பள்ளியிலும் ஒற்றை இருக்கைதான். இறக்கையைக் குட்டையாக நறுக்கிய 'பெங்குவின்' என்ற வண்டியில் மாணவர் புல்தரையில் ஓட்டுவார். அதனால் எழும்ப முடியாது. நேராக ஓட்டக் கை படிந்ததும் கொஞ்சம் பெரிய இறக்கை. பிறகு ஒரு தாவல். பிறகு இன்னும் உயரமான தாவல். ஆசிரியர் கடைசிவரை தரையிலேயே நின்றார்.

ப்ளெரியோவின் 1909 ஜூலைப் பயணம் உலகம் முழுக்கக் கைகளைத் துறுதுறுக்கச் செய்தது. அவர் தாண்டிய கடலின் அகலம் சுமார் 35 கிலோமீட்டர். நம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரருக்கும் ஆசை தொற்றியது. குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்த சிம்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டினார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்தார். அவருக்குக் கற்றுக்கொடுக்க ஊரில் யார் இருந்தார்கள்? முதல் பறப்பே தனிப்பறப்பாக இருந்தே தீர வேண்டிய கடைசித் தலைமுறை அவர்.

இரண்டாவது இருக்கை தன் மரியாதையை அடைந்தது போரில். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை என்பது போர்முனையில் களைத்துப்போனவர்களுக்குத் தரப்பட்ட ஓய்வு. மாணவர் கையில் உயிரைக் கொடுக்க அவர்களுக்குப் பயம். கட்டுப்பாட்டுக் கருவிகளை விட்டுத்தரமாட்டார்கள். மாணவர் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இப்படி அரைகுறையாகக் கற்றவர்கள் போர்முனைக்கு வந்த சில நாட்களில் செத்தார்கள். 60ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஸ்மித்-பாரி அதைப் பொறுக்காமல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். அவ்வளவு தெரிந்தால் நீங்களே செய்துகாட்டுங்கள் என்று அவரை கோஸ்போர்ட் என்ற துறைமுக ஊருக்கு அனுப்பினார்கள்.

1917இல் ஸ்மித்-பாரி அங்கே செய்தவற்றில் பல இன்றுவரை உலகின் பறக்கும் பள்ளிகளில் நடக்கின்றன. இரண்டு இருக்கைக்கும் முழுக் கட்டுப்பாடு உள்ள அவ்ரோ 504 விமானங்களை எடுத்தார். மாணவரை முதல்நாளே விமானி இருக்கையில் உட்காரவைத்தார். விமானம் வேகமிழந்து சரிவது, சுழன்று விழுவது என்று அதுவரை எல்லோரும் ஒதுக்கிய ஆபத்துகளை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து மீள்வதைச் சொல்லிக்கொடுத்தார். என்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்க வேண்டுமே? ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்கு ஒரு ரப்பர் குழாய். கோஸ்போர்ட் குழாய் என்று அதற்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. ஆபத்தைக் கூடவே இருந்து காட்டிய பிறகுதான் ஆசிரியர் இறங்க வேண்டும் என்ற ஒழுங்கை உண்டாக்கியவர் அவர். அவரால் பிழைத்த உயிர்களை எண்ண முடியாது.

அமெரிக்காவில் குழாய்க்குப் பதிலாகச் சட்டை வேலை செய்தது. ஆசிரியர் பின்னிருக்கையில், மாணவர் முன்னால். திரும்ப வைக்க வேண்டுமென்றால் மாணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் கத்துவது வழக்கம் என்பார்கள். தனியாகப் பறந்தவரை இனி யாரும் இழுக்க வேண்டியதில்லை என்பதற்கு அடையாளமாக, முதல் சோலோ முடிந்ததும் சட்டையின் முதுகுத்துணியைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுகிறார்கள். நம் நாட்டுப் பள்ளிகளில் வாளித் தண்ணீர்தான் பிரபலம். சட்டையும் தப்பித்தது.

போர் முடிந்ததும் குவிந்துகிடந்த இராணுவக் கழிவு இந்தப் பழக்கத்தை ராணுவத்துக்கு வெளியே கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர் ரெனோ என்ஜின்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் என்ற பொறியாளர் அதில் பாதியை மட்டும் எடுத்து நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்தார். அதைப் பொருத்திக்கொண்டு 1925இல் பறந்ததுதான் டி ஹாவிலாண்ட் மாத். இறக்கையை மடித்துக் கொட்டகையில் நிறுத்தலாம். முன்னும் பின்னும் இரண்டு இருக்கை, கோஸ்போர்ட் குழாய், குறைந்த விலை. இங்கிலாந்து அரசு உதவியோடு பறக்கும் கிளப்புகள் முளைத்தன. சில ஆண்டுகளில் கராச்சி, டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று இந்தியாவிலும் கிளப்புகள், எல்லாவற்றிலும் மாத். பம்பாய் கிளப்பில் பழகிய ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10இல் இந்தியாவின் முதல் எண்ணுள்ள விமானி உரிமத்தைப் பெற்றார்.

இந்த இடத்தில் கதை நம் கரையைத் தொடுகிறது. 1935 நவம்பர் 27இல் கொழும்பு அருகே ரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது. அது சென்னையிலிருந்து வந்த ஒரு புஸ் மாத். ஓட்டி வந்தவர் டின்டேல் பிஸ்கோ. சென்னைப் பறக்கும் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர். எத்தனையோ மாணவர்களுக்கு இருக்கையைக் காலிசெய்து கொடுத்த மனிதர் இலங்கையின் அந்த முதல் ஓடுதளத்தைத் தொட்டார் என்பது பொருத்தமான தற்செயல். 1938இல் டாட்டாவின் தபால் விமானமும் கொழும்புக்குப் போகத் தொடங்கியது.

அதுவரை சென்னையையும் கொழும்பையும் இணைத்தது போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறினார். இந்த ரயில் எழும்பூரைவிட்டுக் கிளம்பியதும் எதையெல்லாம் தாண்டுகிறது என்று பாருங்கள்: பறக்கும் கிளப் இருந்த மீனம்பாக்கம், டி'ஏஞ்சலிஸ் பறந்த பல்லாவரம், 1949இல் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி எழுந்த குரோம்பேட்டை, விமானப் படை தன் பயிற்றுநர் பள்ளியை 1954இல் கொண்டுவந்து வைத்த தாம்பரம். கடைசியில் சொன்னது முக்கியம். மாணவரை எப்போது தனியாக விடலாம் என்று முடிவெடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அது. ஸ்மித்-பாரியின் கோஸ்போர்ட் இந்தியாவில் தாம்பரமாகிவிட்டது. தமிழகத்தின் பறத்தல் வரலாறு முக்கால்வாசியும் ராமேஸ்வரம் போகும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே நடந்திருக்கிறது.

அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து உதவியவர் அப்துல் கலாம். ஐந்தாம் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்ட ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் மாலையில் அவர்களைக் கடற்கரைக்கே கூட்டிப்போனார். இறக்கை அடிப்பதை, வாலைத் திருப்பித் திசை மாறுவதை நேரில் காட்டினார். தன் வாழ்க்கையின் திசை அந்த மாலையில் முடிவானதாகக் கலாம் பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

1950களின் நடுவில் அவர் குரோம்பேட்டைக்கு வந்தார். எம்.ஐ.டி.யில் சேரத் தேவைப்பட்ட ஆயிரம் ரூபாய்க்காக அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே போய் அவர் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம். அடுத்த ஊரான தாம்பரத்தில் அதே ஆண்டுகளில் மற்றவர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். 1958இல் விமானப் படையின் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. இந்தக் கரையின் மிகப் புகழ்பெற்ற முதல் சோலோ, நடக்காமலே போன ஒன்று.

ஆனால் காலி இருக்கைக்கான சண்டை ஒன்றில் அவர் ஜெயித்திருக்கிறார்; அதை அதிகம் பேர் பேசுவதில்லை. பெங்களூரில் இளம் பொறியாளராக அவர் குழு 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட்டைக் கட்டியது. 550 கிலோ பாரத்தோடு தரைக்கு மேலே 40 மில்லிமீட்டர் உயரத்தில் காற்று மெத்தையில் மிதக்கும் வண்டி. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்க்க விரும்பினார். அமைச்சரோடு வந்திருந்த விமானப் படை குரூப் கேப்டன், அனுபவமில்லாத ஒரு சிவிலியன் ஓட்டுவதா என்று கவலைப்பட்டு, கலாமை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். கலாம் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அமைச்சரை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். நான்கு சென்டிமீட்டர் உயரம்தான். இருந்தும், என் கணக்கில், அவருடைய முதல் சோலோ அதுவே. தன்னால் முடியும் என்று தனக்கே தெரிந்து, ஓட்டும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார் அல்லவா?

2006 ஜூன் 8இல், 74 வயதில், குடியரசுத் தலைவராக அவர் புனேயில் சுகோய்-30 போர் விமானத்தின் பின்னிருக்கையில் ஏறிப் பறந்தார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் போர் விமானத்தில் பறந்தது அதுவே முதல்முறை. முன்னிருக்கையில் விங் கமாண்டர் அஜய் ராத்தோர் இருந்தார். அந்த இருக்கை காலியாகவில்லை. ஆனாலும் 48 வருடக் கணக்கு ஒன்று அன்று தீர்ந்தது.

கலாமின் தலைமுறையில் தேர்வாகிப் பறந்தவர்களுக்கு நம் நாட்டிலேயே செய்த விமானங்கள் வந்துவிட்டன. வி.எம். காட்டகே வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. பறக்கும் கிளப்புகளுக்காக எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை 1958இல் கொண்டுவந்த விமானம், அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப் விமானத்தை அச்சாகத் தழுவியது. பக்கம் பக்கமாக இரண்டு இருக்கை, மேலே இறக்கை, துணி போர்த்திய உடம்பு. 150க்கும் மேற்பட்டவை செய்து நாடு முழுக்கக் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை இந்திய விமானிகளின் முதல் சோலோ நடந்த அந்த அமெரிக்க நகலுக்கு வைத்த பெயர் 'புஷ்பக்'. ராமாயணப்படி சேதுவுக்கு மேலே பறந்த விமானத்தின் பெயர். அந்தக் கடலுக்கு மேலே 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோனின் 'சீதா தேவி' என்ற டகோடா விமானம், ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்திருந்தது.

அதே காவியத்தில், புஷ்பகத்துக்கும் முன்னால், ஒருவர் தனியாக இந்தக் கடலைத் தாண்டினார். தன் வலிமை தனக்கே மறந்துபோன மாணவர் அனுமன். அதை எடுத்துச்சொல்லி நினைவூட்டிய கிழவர் ஜாம்பவான், தான் கூட வராமல் கரையிலேயே நின்றார். பறக்கும் பள்ளி ஒவ்வொன்றிலும் ஜாம்பவானுக்கு ஒரு படம் மாட்டலாம் என்று நினைப்பேன்.

இன்று ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் உச்சிப்புளி வந்தால் கடற்படையின் விமானத் தளம். 2009இல் அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் வைத்தார்கள். கடற்படை தன் விமானத் தளங்கள் பலவற்றுக்குப் பறவைப் பெயர் வைக்கும். அரக்கோணத்தில் இருப்பது ராஜாளி. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருப்பது ராஜாளியில்தான். அங்கே மாணவர்கள் பழகிய சேதக், பிரெஞ்சு அலூவெட் ஹெலிகாப்டரின் இந்தியப் பதிப்பு. நம்மிடம் எழும்பியவற்றில் எத்தனை நகல்கள்!

பாம்பன் பக்கத்துக் காற்று பயிற்சிக்கு இணக்கமானது அல்ல. கச்சான் அடிக்கும் மாதங்களிலும் வாடை அடிக்கும் மாதங்களிலும் படகுக்காரர்களே பார்த்துத்தான் கிளம்புவார்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோது ரயிலுக்குச் சிக்னல் விழுந்ததில்லை. செஸ்னா 152க்குப் பக்கவாட்டுக் காற்றில் சோதித்துக் காட்டிய அளவு 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். முதல் சோலோ மாணவரை அதற்கும் மிகக் குறைந்த காற்றில்தான் விடுவார்கள். 16 வயது நிறைந்தால் மாணவ விமானி உரிமம் பெற்றுத் தனியாகப் பறக்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. கார் ஓட்ட இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவிலிருந்து அந்த ஆசை வரும் பிள்ளை ரயிலேறித்தான் ஆக வேண்டும். ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று தமிழக அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. அது வரும்போது பயணிகளோடு சேர்த்து ஒரு பறக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கை இரண்டும்.

உச்சிப்புளியில் 2012இல் கடற்படையின் மூன்றாவது ஆளில்லா விமானப் பிரிவு தொடங்கியது. இஸ்ரேலில் செய்த ஹெரான் விமானங்கள் அங்கிருந்து எழும்பிப் பாக் நீரிணைக்கு மேலே மணிக்கணக்காகச் சுற்றின. அவற்றில் இருக்கையே கிடையாது. ஓட்டுபவர் தரையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மேலே யாரும் இல்லாதபோது ஆசிரியர் எங்கிருந்து இறங்குவார்?

இந்தக் கேள்விக்கு விடை குரோம்பேட்டையில் இருக்கிறது. கலாம் படித்த எம்.ஐ.டி. வளாகத்தில் இப்போது ட்ரோன் ஓட்டப் பயிற்சி தருகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறி 18 வயது நிறைந்தவர் ட்ரோன் விமானிச் சான்றிதழுக்குப் படிக்கலாம். வயலில் மருந்தடிக்க, நிலம் அளக்க, புயலுக்குப் பின் கரையோரச் சேதத்தைப் பார்க்க என்று வேலைகள் காத்திருக்கின்றன. ட்ரோன் பயிற்சியில் வழக்கமாக மாணவர் கையில் ஒரு ரிமோட், ஆசிரியர் கையில் இன்னொன்று, இரண்டும் இணைந்திருக்கும். ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ட்ரோன் மாணவருக்குக் கட்டுப்படும். தடுமாறினால் ஆசிரியர் விரலை எடுப்பார். அந்தக் கணமே கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். ஸ்மித்-பாரியின் இரட்டைக் கட்டுப்பாடு, கையடக்கமாக. மாணவருக்குக் கை படிந்த நாளில் ஆசிரியர் தன் ரிமோட்டின் இணைப்பைத் துண்டித்து அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த மாணவரைக் கூப்பிடுகிறார்.